உள்ளங்கால் எரிச்சலும் மரத்துப்போதலும்

கேள்வி (குடியாத்தம்):
பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மெட்ஃபார்மின் உட்கொண்டுவரும் என் தந்தையாருக்கு இரவில் உள்ளங்கால் எரிகிறது. ஆனால் செருப்பு கழன்று விழுந்தாலும் அவர் உணர்வதில்லை. இரண்டும் ஒரே காலில் எப்படி இருக்க முடியும்?

பதில் (காட்பாடி):
இருக்க முடியும் ஐயா. நெடுநாள் மிகுந்திருக்கும் சர்க்கரை, நரம்பிழைகளையும் அவற்றுக்கு இரத்தம் கொண்டுசெல்லும் நுண்குழாய்களையும் சிதைப்பதால், பழுதுற்ற இழைகள் காரணமின்றி வலியை எழுப்புகின்றன. அழிந்துபோனவை எதையும் உணர்த்துவதில்லை. மிக நீளமான நரம்புகள் முதலில் பாதிக்கப்படுவதால் பாதத்தில்தான் இது தொடங்கும். மெட்ஃபார்மின் நெடுங்காலம் உட்கொள்வோருக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். அக்குறைபாடும் இதே தொல்லையைத் தரும் என்பதால், அதன் அளவைப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். 10 கிராம் அழுத்தத்தில் வளையும் மோனோஃபிலமென்ட் என்ற நைலான் இழையால் தொட்டுப் பாதத்தின் உணர்வையும் பார்ப்பார்கள்.

பதில் (ஆற்காடு):
எரிச்சலுக்கு மருத்துவர் பிரிகாபலின் அல்லது டுலோக்செடின் தரலாம். அவை வலியைத் தணிக்குமே தவிர நரம்பைச் சீராக்கா. என்னைக் கேட்டால், எரியும் காலைவிட மரத்த காலுக்கே அதிகம் அஞ்ச வேண்டும். நம் பக்கத்துச் சித்திரை வெயிலில் கோயில் பிராகாரத்தை வெறுங்காலுடன் சுற்றினால், கொப்புளம் எழும்பிய பிறகே தெரியவரும். தொழுநோயால் உணர்விழந்த பாதங்களுக்காக வேலூரில் தொழுநோயாளருக்கு அறுவை சிகிச்சை செய்த டாக்டர் பால் பிராண்ட் காலத்திலேயே பயன்பட்ட எம்.சி.ஆர். (நுண்ணறைகள் கொண்ட மெத்தென்ற) ரப்பர் செருப்பு இதற்கும் ஏற்றது.

கேட்டவர்:
நன்றி. வெந்நீரில் கால் வைத்தால் இதமாக இருக்கிறது என்கிறாரே, தொடரலாமா?

பதில் (காட்பாடி):
வேண்டாம். சூட்டை அவரால் அளவிட முடியாது. இரவுதோறும் விரலிடுக்கு உட்பட இரு பாதங்களையும் நீங்களே பாருங்கள். புண் தென்பட்டால் அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.