கலைச்சொல் வேண்டும்: பிரிஸ்டலின் 'ஃப்ளோட்டிங் ஹார்பர்'

சென்னையிலிருந்து, திங்கள்

அனைவருக்கும் வணக்கம். துறைமுகங்களின் வரலாறு பற்றிய நூல் ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். பிரிஸ்டல் இயலை வெள்ளிக்குள் பதிப்பகத்துக்குக் கொடுத்தாக வேண்டும்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் கடற்கரை ஊர் இல்லை. ஏவன் ஆற்றில் சில மைல் உள்ளே இருக்கிறது. அந்த ஆறு கலக்கும் செவர்ன் கழிமுகத்தில் கடல் ஏறி இறங்கும் உயரம் 14 மீட்டர் வரை போகும்; உலகத்திலேயே மிக அதிகமான இடங்களில் ஒன்று. முன்பெல்லாம் நீர் வற்றியதும் துறையில் கட்டிப்போட்ட கப்பல்கள் சேற்றில் உட்கார்ந்து சாய்ந்துவிடும், ஒரு நாளில் இரண்டு முறை. 1804இல் வேலையைத் தொடங்கி 1809இல் முடித்தார் வில்லியம் ஜெசப் என்ற பொறியாளர். பழைய ஆற்றுப் போக்கை இரு முனையிலும் அடைத்தார். ஆறும் கடலேற்றமும் போய்வரத் தெற்கே புதிதாக ஒரு வாய்க்கால் வெட்டிவிட்டார். அடைபட்ட பகுதியில் நீர்மட்டம் மாறாது, கப்பல்கள் எப்போதும் மிதக்கும். அதனால்தான் 'ஃப்ளோட்டிங் ஹார்பர்'.

'மிதக்கும் துறைமுகம்' என்று எழுதினால் துறைமுகமே மிதக்கிறது என்று வாசகர் நினைக்கமாட்டாரா? டைடு (கடல் ஏறி இறங்குவது), லாக் (கலங்களை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும் கதவுள்ள அறை), ஃபீடர் கால்வாய், அண்டர்ஃபால் ஆகியவற்றுக்கும் நல்ல சொல் தேவை.

பாளையங்கோட்டையிலிருந்து

அம்மா, அஞ்ச வேண்டாம். குளிக்கும் துறை என்கிறோம். துறையா குளிக்கிறது? பெயரெச்சம் வினைமுதலை மட்டும் கொண்டு முடியும் என்று யார் சொன்னது? செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று நன்னூலார் ஆறையும் சொல்லிவைத்தார். இங்கே நிலப்பெயர் கொண்டு முடிகிறது: கலம் மிதக்கும் துறை. துறைமுகம் என்று நீட்டாமல் 'மிதக்கும் துறை' என்றே எழுதுங்கள். தெப்பக்குளத்தைப் பார்த்து, குளம் மிதக்கிறதா என்று எந்தக் குழந்தையும் கேட்டதில்லை.

புறநானூற்று 30ஆம் பாட்டையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். பாயைக் களையாமல், பாரத்தையும் குறைக்காமல் பெருங்கலம் புகாருக்குள் புகுகிறது. ஆற்றுமுகத்தில் அவ்வளவு ஆழம் இருந்தது என்பதுதான் அங்கே பெருமை. பிரிஸ்டல்காரர்கள் வேண்டியதும் அதே ஆழம்தான்.

சென்னையிலிருந்து (இன்னொருவர்)

இலக்கணம் சரி ஐயா. ஆனால் படிப்பவர் நன்னூலைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கப்போவதில்லை. 'குளிக்கும் துறை' பழகிய தொடர், குழப்பம் வராது. 'மிதக்கும் துறை' புதியது. மிதக்கும் உணவகம், மிதக்கும் சந்தை என்று செய்தித்தாளில் தினமும் படிக்கிறவருக்கு முதலில் தோன்றுவது மிதக்கிற துறைதான். 'நிலைநீர்த் துறை' என்று போடுங்கள், விளக்கமே தேவைப்படாது. லாக்கை லாக் என்றே விடலாம். பக்கிங்காம் கால்வாய்க் கரையில் லாக் நகர் என்று குடியிருப்பே இருக்கிறது. மக்கள் ஏற்றுக்கொண்ட சொல்லை நாம் ஏன் துரத்த வேண்டும்?

யாழ்ப்பாணத்திலிருந்து

டைடுக்கு எங்கள் பாடநூல்களில் வற்றுப்பெருக்கு என்ற சொல் பல காலமாக இருக்கிறது. ஏறுவதும் இறங்குவதும் ஒரே சொல்லுக்குள் வந்துவிடும். தமிழ்நாட்டில் ஓதம் என்கிறீர்கள். பழஞ்சொல்தான், மறுக்கவில்லை. ஆனால் சுவரில் ஓதம் என்றால் ஈரக்கசிவு, வைத்தியரிடம் போய் ஓதம் என்றால் வேறு பொருள்.

அத்தோடு ஒன்று: யாராவது மதகு என்று முன்மொழியப் போகிறீர்கள் என்றால் இப்போதே சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மதகு என்பது வீதிக்குக் கீழே தண்ணீர் போகிற சின்னப் பாலம். மதவடியில் இருந்து கதைக்காத பெடியன் யாழ்ப்பாணத்தில் இல்லை. நீர்க்கதவுக்கு அந்தச் சொல்லைப் போட்டால் எங்கள் வாசகர் வழிதவறிப் போவார்.

தஞ்சாவூரிலிருந்து

பொதுப்பணித் துறையில் ஏரிகளோடு காலம் கழித்தவன் நான், கொஞ்சம் நீளமாகத்தான் எழுதுவேன். நீங்கள் எல்லாரும் இதைத் துறைமுகமாகப் பார்க்கிறீர்கள். ஜெசப் செய்தது என்ன? ஓடும் ஆற்றைக் கட்டி ஏரியாக்கினார். அப்படிப் பார்த்தால் ஒரு சொல்லைக்கூடப் புதிதாக ஆக்க வேண்டியதில்லை.

கிழக்கே நெதம் என்ற இடத்தில் ஆற்றுக்குக் குறுக்கே அணை. அங்கிருந்து துறைக்கு நன்னீர் கொண்டுவரும் வாய்க்கால்தான் ஃபீடர். ஏரிக்கு நீர் கொண்டுவருவதை வரத்துக்கால் என்போம், வேலை முடிந்தது. தெற்கே வெட்டிய வாய்க்காலை நியூ கட் என்கிறார்கள். காவிரிப் படுகையில் வெட்டாறு என்றே ஓர் ஆறு இருக்கிறது, கல்லணைக் கால்வாயை இங்கே புது ஆறு என்கிறோம். 'புதுவெட்டாறு' என்றால் யாருக்குப் புரியாது?

முக்கியமானது அண்டர்ஃபால். ஜெசப் மேற்கு அணையில் மிகைநீர் மேலே வழிந்து போக ஓவர்ஃபால் வைத்தார். நம் கலிங்கு. மேலே தெளிந்த நீர் வழிந்தது, அடியில் வண்டல் தங்கியது. துறை தூர்ந்துகொண்டே வந்தது. 1830களில் ப்ரூனெல் என்ற பொறியாளர் வந்து பார்த்து, மேலே வழியவிடாதீர்கள், அடியில் ஆழமாகத் திறப்பு வையுங்கள் என்றார். வெளியே நீர் வற்றியிருக்கும்போது திறந்தால் உள்ளிருக்கும் நீரின் அழுத்தமே வண்டலை வாரிக்கொண்டு புதுவெட்டாற்றில் தள்ளும். பெயரும் ஓவர்ஃபாலிலிருந்து அண்டர்ஃபால் ஆயிற்று.

இதற்கு நம்மிடம் சொல் இருக்கிறது. பழைய ஏரிகளில் நீரைத் திறந்துவிடும் அமைப்பான குமிழித்தூம்பில் இரண்டு வகைத் துளைகள்: மேலே நீரோடி, தரையை ஒட்டிச் சேறோடி. அடைப்பைத் தூக்கியதும் நீர் நீரோடி வழியே இறங்கும், அந்த வேகத்தில் அடியிலுள்ள சேறு கலங்கிச் சேறோடி வழியே வெளியேறும். வண்டல் வயலுக்குப் போய்ச் சேரும், ஏரியும் தூராது. ப்ரூனெலின் மதகு சேறோடி அல்லாமல் வேறென்ன? இந்தச் சொல்லைக் கைவிட்டு 'கீழ்வீழ்ச்சி' என்று எழுதப்போகிறோமா? நான் பிடிவாதமாகவே சொல்கிறேன்: சேறோடி.

மதுரையிலிருந்து

ஏவன் என்ற பெயரை யாரும் கவனிக்கவில்லையே! பிரித்தானியரின் பழைய கெல்திய மொழியில் அபோனா என்றால் ஆறு. வேல்ஸ் மொழியில் இன்றும் அவோன்தான். ஆக 'ஏவன் ஆறு' என்பது 'ஆற்று ஆறு'. வடமொழி அப்பு, நம் அம், ஆம் எல்லாம் நீரைக் குறிப்பவை. மூலம் ஒன்றாக ஏன் இருக்கக்கூடாது? 'ஆம்பல்' நீரில் பூப்பதல்லவா? இதை விரித்துத் தனியாக ஒரு மடல் எழுதுகிறேன்.

பாளையங்கோட்டையிலிருந்து

தனி மடலாகவே எழுதுங்கள் ஐயா. ஒலி ஒத்தால் உறவு ஆகிவிடாது. அந்த அம்மாவுக்கு வெள்ளிக்கிழமை கெடு.

பிரிஸ்டலிலிருந்து

இங்கே வசிப்பவன் என்ற முறையில் சில விவரங்கள். தஞ்சை ஐயா சொன்னதை நேரில் பார்க்கலாம். துறைக்கும் புதுவெட்டாற்றுக்கும் நடுவே சில நிமிட நடைதான். வற்று நேரத்தில் போனால் இந்தப் பக்கம் சுவரின் மேல்விளிம்புக்குச் சற்றுக் கீழே தண்ணீர் அசையாமல் நிற்கும், படகுகள் கட்டியிருக்கும். அந்தப் பக்கம் இரண்டு கரையிலும் வழவழவென்று சாம்பல்பழுப்புச் சேறு, நடுவில் ஒரு கோடுபோல் ஆறு. சில மணி நேரம் கழித்துப் போனால் அந்தச் சேறு முழுக்க மறைந்து, நீர் நகரத்தை நோக்கி மேலே போய்க்கொண்டிருக்கும்.

ஆனால் 'நிலைநீர்' என்பதில் எனக்குத் தயக்கம் உண்டு. பெரிய ஏற்றங்களின்போது கடல்நீர் நெதம் அணையைத் தாண்டி மேலே போய்விடும். உள்நீரைக் காக்கக் கதவுகளை அடைக்க வேண்டிவரும். நீர் தானாக நிலைத்து நிற்பதில்லை, ஆட்கள் நிற்கவைக்கிறார்கள்.

இன்னோர் ஆறும் இருக்கிறது, ஃப்ரூம். 1240களிலேயே அதற்குப் புதுப் போக்கு வெட்டிக் கப்பல்துறை ஆக்கினார்கள். பின்னால் கொஞ்சம் கொஞ்சமாக மூடி இப்போது நகரின் நடுவே தரைக்கு அடியில் ஓடுகிறது. இயலில் அதுவும் வருமே, அதற்கு என்ன சொல்?

சென்னையிலிருந்து (இன்னொருவர்)

மூடாறு. கூவத்துக்கு மேலே கூரை போட்டால் என்ன சொல்வார்களோ அதுதான்.

மதுரையிலிருந்து

அந்தர்வாகினி என்ற அழகான சொல் இருக்க, மூடாறா?

பாளையங்கோட்டையிலிருந்து

அந்தர்வாகினி கண்ணுக்குத் தெரியாத புனித நதி. ஃப்ரூமைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்து மூடியவர்கள் மனிதர்கள். மூடாறே பொருத்தம்.

சென்னையிலிருந்து, வியாழன் இரவு

எல்லாருக்கும் நன்றி. நாளை அனுப்பப்போவது இது: மிதக்கும் துறை (நான்கு பேர் ஒப்பினீர்கள், முதல் இடத்தில் மட்டும் 'கலங்கள் மிதக்கும் துறை' என்று விரித்து எழுதுவேன்), வரத்துக்கால், புதுவெட்டாறு, கலிங்கு, சேறோடி, மூடாறு. டைடு வரும் இடங்களில் வற்றுப்பெருக்கு. யாழ்ப்பாணத்து அக்கா சொன்னதை மதித்து மதகைத் தவிர்த்து நீர்க்கதவு என்கிறேன். லாக்குக்குப் படகுமடை, ஏற்றிறக்க அறை என்று தனி மடலில் இருவர் எழுதினீர்கள். இரண்டும் மனத்தில் ஒட்டவில்லை. இப்போதைக்கு லாக்.

தஞ்சாவூரிலிருந்து

சேறோடிக்கு மகிழ்ச்சி. மதகைக் கைவிட்டதை மட்டும் ஏற்கமாட்டேன். தூம்பும் கலிங்கும் சேறோடியும் வரிசையாக வருகிற பக்கத்தில் நீர்க்கதவு என்ற சொல் எங்கிருந்து வந்தது என்று டெல்டாவில் எந்த மடைக்காரரும் கேட்பார். இரண்டாம் பதிப்புக்காவது மாற்றுங்கள்.

யாழ்ப்பாணத்திலிருந்து

மாற்றினால் அடிக்குறிப்பில் மதவடியையும் சேர்த்துவிடுங்கோ.