புதுப்பிப்பு: தேவாலயத்துக்குப் பக்கத்தில் பலமாடிக் கார் நிறுத்துமிடம்

சிங்கப்பூரில் எங்கள் தேவாலயத்தை ஒட்டிப் பலமாடிக் கார் நிறுத்துமிடம் வரப்போகிறது, ஞாயிறு தமிழ் ஆராதனைக்கு இடைஞ்சலாகுமே, என்ன செய்யலாம் என்று மார்ச்சில் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

முதலில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தோம், பலனில்லை. "வண்டிகளை எண்ணுங்கள், வரைபடத்தோடு போங்கள்" என்று ஒருவர் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. மூன்று ஞாயிறு வாசலில் நின்று எண்ணினோம். வரைபடத்தில் கார்கள் வெளியேறும் வழி சரியாக எங்கள் சாய்தளத்துக்கு எதிரே இருந்தது. சக்கர நாற்காலியில் வரும் பாட்டிகளை இறக்கிவிடும் இடம் அது. படங்களைப் பார்த்ததும் நிறுத்துமிடத் திட்டத்தின் பொறுப்பாளர்கள் வழியைப் பின்தெருவுக்கு மாற்ற ஒப்புக்கொண்டார்கள்.

கட்டுமானச் சத்தம்? குடியிருப்புகளுக்கு 150 மீட்டருக்குள் இருந்தால் பொதுவாகச் சனி இரவு 10 மணி முதல் திங்கள் காலை 7 மணி வரை வேலை செய்யக்கூடாது என்பது தேசியச் சுற்றுப்புற வாரிய விதி. பக்கத்திலேயே வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருப்பதால் எங்களுக்கும் அது பொருந்துகிறது.

எதிர்பாராதது கார் விளக்கு வெளிச்சம். சரிவுப்பாதையில் இறங்கும் கார்களின் விளக்கு மாலை ஜெபக் கூட்டத்தில் நேரே பலிபீடத்தில் விழும் என்று வரைபடத்தைப் பார்த்த சபைத் தம்பி ஒருவர் கண்டுபிடித்தார். அதனால் தடுப்புச் சுவர் கேட்டிருக்கிறோம், பதில் இன்னும் வரவில்லை.