கண்ணாடி வாங்கிக் கொடுத்தாலும் கழற்றி வைத்துவிடுகிறார்கள்: லேத் பட்டறையில் கண் பாதுகாப்பு

கேள்வி – கணபதி பட்டறைக்காரர்

கோவை கணபதியில் பம்பு உதிரி பாகங்கள் செய்யும் சிறிய லேத் பட்டறை ஒன்றை நடத்தி வருகிறேன். எல்லோருக்கும் பாதுகாப்புக் கண்ணாடி வாங்கிக் கொடுத்திருக்கிறேன். காலையில் அணிந்துகொள்பவர்கள் பதினொரு மணிக்கெல்லாம் அதை நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். மதியத்துக்கு மேல் அது டூல் பெட்டியின் மீது கிடக்கிறது. சென்ற வாரம் கை கிரைண்டரில் வார்ப்பைப் பிசிர் எடுத்துக்கொண்டிருந்த பையனின் கண்ணில் இரும்புத் துகள் விழுந்தது. பக்கத்திலிருந்தவர் கைக்குட்டை நுனியால் எடுத்துவிட்டார். மறுநாள் கண் சிவந்து நீர் வடிந்ததால் மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். கருவிழியில் துரு வளையம் படிந்திருப்பதாகச் சொல்லிச் சுரண்டி எடுத்தார்கள். கண்ணாடி அணியாதவர்களுக்கு அபராதம் விதிக்கலாமா, அல்லது வேறு வகைக் கண்ணாடி வாங்க வேண்டுமா?

பதில் 1 – பாதுகாப்பு அலுவலர் (ஓய்வு)

ஐயா, அபராதம் போட்டால் நீங்கள் வரும்போது மட்டும் கண்ணாடி மூக்குக்கு இறங்கும். ஏன் கழற்றுகிறார்கள் என்று முதலில் பாருங்கள். மலிவான கண்ணாடியில் கீறல் விழுந்து பார்வை மங்கிவிடும். தகரக் கூரையின் கீழ் வியர்வையில் ஆவி படியும். ஐ.எஸ். 5983 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள, பக்கக் காப்புடன் கூடிய, ஆவி படியாத பூச்சுள்ள பாலிகார்பனேட் கண்ணாடியை இரண்டு மூன்று அளவுகளில் வாங்கி, அவரவர் முகத்துக்குப் பொருந்துவதை அவர்களையே தேர்ந்தெடுக்கச் செய்யுங்கள். கீறல் விழுந்ததைக் கேள்வி கேட்காமல் மாற்றிக் கொடுங்கள்.

கை கிரைண்டருக்குக் கண்ணாடி மட்டும் போதாது, முகக் கவசமும் வேண்டும். முகக் கவசம் மட்டும் அணிந்தால் கீழிருந்து துகள் ஏறும் என்பதால் உள்ளே கண்ணாடியும் இருந்தாக வேண்டும். ஆனால் இவையெல்லாம் கடைசித் தடுப்புதான். பெஞ்ச் கிரைண்டரின் கல்லுக்கும் வேலைப் பொருளைத் தாங்கும் டூல் ரெஸ்டுக்கும் உள்ள இடைவெளி 3 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருக்கிறதா, கல்லின் மேல் உள்ள காப்பு மூடியைக் கழற்றி வைத்திருக்கிறார்களா என்று இன்றே பாருங்கள். லேத் படுக்கையை ஏர் கன் வைத்து ஊதிச் சுத்தம் செய்வதை அடியோடு நிறுத்திவிட்டுத் தூரிகை கொடுங்கள். நான் பார்த்த பட்டறைகளில் பாதிக் காயங்கள் அடுத்தவர் ஊதியதால் வந்தவை.

தெறிக்கும் துகள்களும் மிகையான ஒளியும் உள்ள வேலைகளுக்குத் தடுப்புத் திரையோ தகுந்த கண்ணாடியோ தர வேண்டும் என்பது 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 35-ஆம் பிரிவிலேயே எழுதப்பட்டிருந்த விஷயம்.

பதில் 2 – கண் மருத்துவப் பிரிவில் பணிபுரிபவர்

கைக்குட்டை, துடைப்பக் குச்சி, தலைமுடி என எதைக் கொண்டும் கருவிழியில் பதிந்த துகளை எடுக்கக் கூடாது என்பதைப் பட்டறையில் எழுதி ஒட்டுங்கள். சுத்தமான நீரால் கழுவலாம். அதில் போகாவிட்டால் அன்றே மருத்துவரிடம் வர வேண்டும். இரும்புத் துகள் சில மணி நேரத்திலேயே துருவை இறக்கத் தொடங்கிவிடும். தாய்ப்பால், விளக்கெண்ணெய் விட்டுவிட்டு வருபவர்களை இன்றும் பார்க்கிறோம். காயம்பட்ட கருவிழியில் கிருமித் தொற்று ஏற இதுவே வழியாகிவிடுகிறது.

நான் அதிகம் அஞ்சுவது சுத்தியலும் உளியும் வைத்துச் செய்யும் வேலையைத்தான். உளியின் காளான் போல் விரிந்த தலையிலிருந்து தெறிக்கும் சில்லு விழிக்குள்ளேயே புகுந்துவிடும். வலி பெரிதாக இருக்காது, வெளியே ஒரு சிறு புள்ளி மட்டுமே தெரியும். உள்ளே தங்கிய இரும்பு மாதக்கணக்கில் விழித்திரையைக் கெடுக்கும். அப்படிப்பட்ட கண்ணை அழுத்தாமல், கழுவாமல், ஒரு காகிதக் கோப்பையால் மூடி உடனே அனுப்புங்கள். உலோகத்தின் மீது உலோகம் அடித்தபோது நடந்தது என்பதை மருத்துவரிடம் அவசியம் சொல்லச் சொல்லுங்கள், எக்ஸ்ரேயோ சி.டி.யோ எடுக்க வேண்டுமா என்பதை முடிவு செய்ய அது உதவும், எம்.ஆர்.ஐ. எடுப்பது ஆபத்து என்பதும் அதனால்தான் தெரியவரும்.

பதில் 3 – பழைய வெல்டர்

வெல்டிங் மேடையும் இருந்தால் அதையும் கவனியுங்கள். காஸ் வெட்டுக்கான 5-ஆம் எண் கருப்புக் கண்ணாடியை (எண் கூடினால் கருமையும் கூடும்) போட்டுக்கொண்டு ஆர்க் வெல்டிங் அடிக்கும் பையன்கள் இருக்கிறார்கள். கையால் செய்யும் ஆர்க் வெல்டிங்குக்கு 10 அல்லது 11-ஆம் எண் வேண்டும். கம்பியைப் பிடித்துக்கொண்டு வெறும் கையால் முகத்தை மறைக்கும் உதவியாளுக்குத்தான் இரவில் கண்ணில் மணல் கொட்டியது போல் எரியும். பெரும்பாலும் ஓரிரு நாளில் ஆறிவிடும். அதற்காகக் கண்ணை மரத்துப்போகச் செய்யும் சொட்டு மருந்தை வாங்கி வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப விட்டால் கருவிழி புண்ணாகிவிடும். மேடையைச் சுற்றித் திரை கட்டுங்கள். வெல்டிங் முடிந்து கவசத்தைத் தூக்கிவிட்டுக் கசடு தட்டும்போதுதான் சூடான சில்லு கண்ணுக்கு வரும். அதனால் கவசத்துக்குள்ளும் வெள்ளைக் கண்ணாடி அவசியம்.

கணபதி பட்டறைக்காரர்

அனைவருக்கும் நன்றி. நேற்று நின்று கவனித்தேன். மூத்த லேத் ஆள் ஒவ்வொரு முறை வெர்னியர் அளவுகோலைப் பார்க்கும்போதும் பாதுகாப்புக் கண்ணாடியைக் கழற்றி, சட்டைப் பையிலிருந்து வாசிக்கும் கண்ணாடியை எடுக்கிறார். பிறகு பாதுகாப்புக் கண்ணாடிக்குத் திரும்புவதே இல்லை. இதற்கு வழி உண்டா?

பதில் 2-இன் தொடர்ச்சி

உண்டு. நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு இது வழக்கமான சிக்கல். கண் பரிசோதனைக்கு அனுப்பி, பவருடன் கூடிய பாலிகார்பனேட் பாதுகாப்புக் கண்ணாடியாகவே செய்து கொடுங்கள். செய்தித்தாள் படிக்கும் தூரத்துக்கு அளவெடுத்தால் லேத்தின் சக்கில் (பிடிப்பானில்) சுழலும் பாகம் மங்கலாகத் தெரியும். எனவே வெர்னியரை எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறார், வேலைப் பாகம் கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற இரண்டையும் டேப் வைத்து அளந்து எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.