மறு: வெல்ஷ் மொழியின் சொல்முதல் மாற்றத்துக்குத் தமிழில் என்ன பெயர்?

அன்புள்ள நண்பர்களுக்கு,

பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் பேசப்படும் வெல்ஷ் மொழியில், இடத்தைப் பொறுத்துச் சொல்லின் முதலெழுத்து மாறும். வெல்ஷ் இலக்கணக் கட்டுரைக்காக இதற்குக் கலைச்சொல் கேட்டு வந்த மடலுக்கு இரண்டு பதில்கள் வந்திருக்கின்றன. இரண்டையும் எடுத்துக்கொண்டு என் கருத்தைச் சொல்கிறேன்.

> சடுதி மாற்றம் என்று போடலாமே, பாடநூலிலேயே இருக்கிறது.

இருக்கிறது, உயிரியல் பாடநூலில். மரபணு திடீரென்று மாறுவதற்கு அந்தப் பெயர் பொருந்தும். வெல்ஷில் எந்த இடத்தில் எந்த எழுத்து எதுவாகும் என்பதற்கு அட்டவணையே உண்டு. பள்ளிப் பிள்ளைகள் அதைப் படிக்கிறார்கள். இதில் சடுதி எங்கே வந்தது? ஆங்கிலத்தில் இரண்டுக்கும் 'மியூட்டேஷன்' (mutation) என்று ஒரே சொல் இருப்பது ஆங்கிலத்தின் வசதி. வெல்ஷ்காரர்கள் தங்கள் இலக்கணத்தில் இதை 'த்ரெய்க்லட்' என்கிறார்கள்.

> இது நம்முடைய புணர்ச்சிதானே ஐயா? புதுச்சொல் எதற்கு?

இதற்குத்தான் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். பார்த்தவுடன் எனக்கும் புணர்ச்சி என்றே தோன்றும். 'பரா' (bara) என்றால் ரொட்டி. 'அவனுடைய ரொட்டி' என்றால் 'இ வரா'. 'என் ரொட்டி' என்றால் 'வ மரா'. 'அவளுடைய ரொட்டி' மட்டும் 'இ பரா', மாற்றமே இல்லை. நன்னூல் சொல்லும் மூன்று விகாரமும் வெல்ஷில் உண்டு. பரா, வரா ஆவது திரிதல். 'கர்த்' (தோட்டம்) என்பதன் முன் சுட்டிடைச்சொல் (ஆங்கில the போன்றது) வந்தால் ககரம் விழுந்து 'அர் அர்த்' ஆவது கெடுதல். ஆப்பிளுக்கு அவர்கள் சொல் 'அவல்' (நம் ஊர் அவலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை). 'அவளுடைய ஆப்பிள்' என்றால் 'இ ஹவல்', இது தோன்றல்.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். 'அவனுடைய', 'அவளுடைய' இரண்டுக்கும் முன்னால் நிற்பது ஒரே 'இ'. எழுத்திலும் ஒன்று, ஒலியிலும் ஒன்று. ஆணா பெண்ணா என்பதை அடுத்த சொல்லின் முதலெழுத்துதான் சொல்கிறது. நிலைமொழி ஈறும் வருமொழி முதலும் சந்திப்பதால் வருவது நம் புணர்ச்சி. இங்கே ஈறு ஒன்றாகவே இருக்க, விளைவு இரண்டாகிறது.

வேலை கொடு (பணி கொடு), வேலைக் கொடு (வேல் என்ற ஆயுதத்தைக் கொடு) என்ற பழைய உதாரணத்தைக் காட்டி, தமிழிலும் ஒற்று பொருளைப் பிரிக்கிறதே என்று யாராவது கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். சொற்களுக்கிடையே என்ன உறவு என்பதைப் பொறுத்து ஒற்று மிகுவதும் மிகாததும் நமக்கும் உண்டு. ஆனால் நமக்கு முன்னால் ஒரு நிலைமொழி நின்றே ஆக வேண்டும். வெல்ஷில் அதுவும் தேவையில்லை. 'க்வெலைஸ் இ' என்றால் நான் பார்த்தேன். பார்க்கவில்லை என்பதற்குப் பேச்சில் 'வெலைஸ் இ திம்'. முன்னால் 'நி' என்றொரு எதிர்மறை இடைச்சொல் இருந்தது. பேச்சில் அது விழுந்துவிட்டது. அது விழவைத்த ககரம் மட்டும் திரும்பி வரவில்லை. வாக்கியத்தின் முதல் சொல்லே திரிந்து நிற்கும்போது எதோடு எது புணர்ந்தது என்று சொல்வது?

வரலாற்றைப் பார்த்தால் இது ஒரு காலத்தில் அசல் புணர்ச்சியாகவே இருந்தது. 'அவனுடைய' என்பதன் மூலவடிவம் உயிரில் முடிந்தது, 'அவளுடைய' என்பதன் மூலவடிவம் ஸகரத்தில் முடிந்தது, 'என்' என்பதன் மூலவடிவத்தில் னகரம் இருந்தது. ஏறக்குறைய கி.பி. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் சொற்களின் கடைசி அசைகள் தேய்ந்து மறைந்தன. காரணம் போய் விளைவு நின்றுவிட்டது. ஒலி விதியாக இருந்தது இலக்கண விதியாகிவிட்டது. அயர்லாந்து, ஸ்காட்லாந்து, பிரான்சின் பிரித்தானி என்று வெல்ஷுக்கு உறவான கெல்டிக் மொழிகள் அத்தனையிலும் இந்தக் கதைதான். மேற்கு ஆப்பிரிக்காவின் ஃபூலா மொழியிலும் அந்த இனத்தவர் ஒருவர் 'புல்லோ', பலர் 'ஃபுல்பே'. கெல்டிக்கோடு உறவே இல்லாத மொழி அது. எனவே நாம் வைக்கும் பெயர் வெல்ஷைத் தாண்டியும் நிற்க வேண்டும்.

என் பரிந்துரை: மொழிமுதல் திரிபு. மொழிமுதல் என்பது நம் இலக்கணத்தில் ஏற்கனவே இருக்கும் சொல். திரிபு என்றால் ஓர் எழுத்து இன்னொன்றாவது மட்டும்தானே, கெடுதலும் தோன்றலும் அதில் அடங்குமா என்றால், அடங்கும். தொல்காப்பியர் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் மூன்றையும் சேர்த்துத் திரிபு என்றே சொல்கிறார். நன்னூலார் வழியில் 'விகாரம்' என்று போட்டால், இன்று படிப்பவருக்கு அசிங்கம் என்றுதான் முதலில் படும்.

உட்பிரிவுகளில் ஒரு பொறி இருக்கிறது. வெல்ஷ் இலக்கணம் மூன்று வகை சொல்கிறது. முதலாவதன் பெயருக்கு 'மென்மையானது' என்று பொருள். அப்படியே 'மென்திரிபு' என்று எழுதினால் நம் ஆட்கள் ங, ஞ, ண, ந, ம, ன என்று மெல்லினத்துக்குப் போய்விடுவார்கள். ஆனால் மூக்கொலியாகத் திரிவது இரண்டாவது வகை. அதனால் முதலாவதை நெகிழ்திரிபு என்றும், இரண்டாவதை மெல்லினத் திரிபு என்றும், அதிராத க, த, ப (k, t, p) மூன்றும் உரசி ஒலிக்கும் மூன்றாவதை உரசொலித் திரிபு என்றும் வைக்கலாம். நெகிழ்திரிபிலும் சில எழுத்துகள் உரசொலியாகின்றன என்று கறாராக ஒருவர் சொல்லலாம். சரிதான், ஆனால் பெயரிலேயே எல்லா விதியையும் அடைக்க முடியாது.

கட்டுரை எழுதுபவருக்கு இன்னொன்று. உதாரணங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். 'பென்' (தலை) என்ற சொல்லை எடுத்தால் 'என் தலை' ம்ஹென், 'அவள் தலை' ஃபென் என்று மாற்றம் கண்ணில் படும். 'அவன் தலை' என்பதில் பகரம் அதிர்ந்து ஒலிக்கும், அவ்வளவுதான். நம் எழுத்தில் அதுவும் பென், இதுவும் பென். படிப்பவர் 'எங்கே மாறியது?' என்று கேட்பார். அதனால் முதல் உதாரணமாக பரா, வரா, மரா வரிசையைக் கொடுங்கள், தமிழ் எழுத்திலேயே தெரியும். பென் தவிர்க்க முடியாவிட்டால் சுலோகப் புத்தகங்களில் போடுவதுபோல ப³ என்று எண் போட்டு, முதல் தடவை ஒரு வரி விளக்கம் கொடுத்துவிடுங்கள்.

அகராதி பற்றியும் ஒரு பத்தி தேவை. 'வரா' என்று படித்தவர் அகராதியில் அந்த இடத்தில் தேடினால் கிடைக்காது. பரா என்ற இடத்துக்குப் போக வேண்டும். திரிந்த வடிவத்தைத் 'திரிவடிவம்' என்றும் அகராதியில் நிற்பதை 'இயல்வடிவம்' என்றும் சொல்லலாம் என்று நினைக்கிறேன்.

ஹகரம் தோன்றுவதை வெல்ஷ் இலக்கணங்கள் அந்த மூன்று வகையில் சேர்ப்பதில்லை, தனியாகவே சொல்கின்றன. நாமும் 'ஹகரத் தோன்றல்' என்று தனியே வைத்துக்கொள்ளலாமா? ஹகரம் வேண்டாம் என்பவர்கள் மாற்றுப்பெயரோடு வாருங்கள்.