புதுப்பிப்பு: கையடக்கக் கன்சோலில் பிளேஸ்டேஷன் 1 கறுப்புத் திரை சரியாகிவிட்டது

உதவிய எல்லாருக்கும் நன்றி. போன வாரம் நான் கேட்டது இதுதான்: என் சொந்தக் குறுந்தட்டுகளிலிருந்து எடுத்த பிளேஸ்டேஷன் 1 விளையாட்டுகள் விண்டோஸ் கணினியில் ஓடுகின்றன, லினக்ஸில் இயங்கும் கையடக்கக் கன்சோலில் ரெட்ரோஆர்ச் (பழைய விளையாட்டுகளை ஓட்டும் செயலி) வெறும் கறுப்புத் திரை காட்டுகிறது.

பிளேஸ்டேஷனின் தொடக்க மென்பொருளான பயாஸ் கோப்பை மாற்றிப் பார்த்தேன், பலனில்லை. "கியூ கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்க தம்பி" என்று மாண்டலே அண்ணன் சொன்னாரே, அதுதான் கைகொடுத்தது. யாங்கோனில் ராத்திரி கரண்ட் வந்ததும் முதல் வேலையாகத் திறந்தேன். கியூ என்பது எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும் என்று சொல்லும் சிறு உரைக் கோப்பு. அதற்குள், விளையாட்டுத் தரவு இருக்கும் பின் (.bin) கோப்பின் பெயர் பெரிய ஆங்கில எழுத்தில், மெமரி கார்டிலோ சின்ன எழுத்தில். விண்டோஸுக்கு இரண்டும் ஒன்று. என் கார்டு எக்ஸ்ட்4 என்ற லினக்ஸ் கோப்பு முறையில் இருப்பதால் இங்கே வேறு வேறு. எக்ஸ்ஃபேட் என்ற முறையில் கார்டு வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை வராது. அந்த ஒரு வரியைத் திருத்தினேன், ஓடிவிட்டது.

அப்புறம் எல்லாவற்றையும் சிஎச்டிமேன் என்ற கருவியில் சிஎச்டி என்ற சுருக்கிய கோப்பாக ஆக்கினேன். இடம் நன்றாகவே மிச்சம்.

எதிர்பாராதது ஒன்று: மாற்றும்போது பெயரைச் சுருக்கியதால் கணினியிலிருந்து கொண்டுவந்த சேவ்கள் (விளையாட்டில் சேமித்த முன்னேற்றம்) காணாமல் போயின; ரெட்ரோஆர்ச் விளையாட்டுக் கோப்பின் பெயரிலேயே சேவைத் தேடும். அக்கா மகன் முகம் வாடிவிட்டது. சேவ் இருக்கும் எஸ்ஆர்எம் கோப்புக்கும் அதே புதுப் பெயரை வைத்தேன், விட்ட இடத்திலிருந்தே தொடங்கியது.