பழைய மாருதி 800-இல் ஸ்டீயரிங் ஆட்டம்: ஆலோசனை தேவை

கோத்தகிரியில் நாங்கள் வைத்திருக்கும் 1998-ஆம் ஆண்டு மாருதி 800 காரில், சக்கரம் திரும்பாமலேயே ஸ்டீயரிங் இரண்டு விரற்கடை அளவுக்கு அசைகிறது; மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கொண்டை ஊசி வளைவுகளில் இது அச்சமூட்டுகிறது. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, இடது சக்கரத்தை 3 மணி, 9 மணி நிலைகளில் பிடித்து அசைத்தால் ‘டொக்’ என்ற ஒலி வருகிறது. 12, 6 மணி நிலைகளில் ஆட்டம் இல்லாததால் வீல் பேரிங்கை நான் சந்தேகிக்கவில்லை. டை ராடு எண்டின் (சக்கரத்தைத் திருப்பும் தண்டின் வெளிமுனை மூட்டு) ரப்பர் உறை கிழிந்து, கிரீஸோடு செம்மண் அப்பியிருக்கிறது. அந்த எண்டை மட்டும் மாற்றினால் போதுமா, ரேக்கின் (ஸ்டீயரிங்கின் சுழற்சியைப் பக்கவாட்டு அசைவாக மாற்றும் பல்தண்டு) உள்மூட்டையும் கழற்றிப் பார்க்க வேண்டுமா? ரேக்கை இறுக்கினாலே சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். அளவுக்கு மீறி இறுக்கினால் வளைவுக்குப் பின் ஸ்டீயரிங் தானாக மீளாதே என்பதுதான் என் தயக்கம். குன்னூர், ஊட்டிப் பக்கம் இவ்வேலையோடு வீல் அலைன்மெண்ட்டும் செய்து தரும் பட்டறை தெரிந்தவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன்.