வீட்டு வேலைக்கு எந்த வெல்டிங் மிஷின்? ஆர்க்கா, கேஸ் இல்லாத மிக்கா?

மாடித்தோட்டம்_திருச்சி:
எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்குன்னு ஒரு வெல்டிங் மிஷின் வாங்கலாம்னு இருக்கேன். கேட்டுல கீழ் கீல் விட்டுப்போய் கேட்டு தரையில இழுத்துட்டு கிடக்கு, பக்கத்து பட்டறைக்காரர் "நாளைக்கு வரேன் சார்"னு சொல்லிட்டே இருக்காரு, அரைமணி நேர வேலைக்கு மிஷினைத் தூக்கிட்டு வந்தா அவருக்கும் கட்டாது, அதுவும் புரியுது. இது போக மாடியில தொட்டி வைக்க ஸ்டாண்டு, துணி காயப்போட ஃப்ரேம், பையனுக்கு டேபிள்னு வீட்டம்மா லிஸ்ட் நீண்டுட்டே போகுது. முக்கால்வாசி 1 இன்ச் ஸ்கொயர் டியூப், அப்புறம் கொஞ்சம் ஆங்கிள், ஃபிளாட்டு, அவ்ளோதான்.

வீட்ல சிங்கிள் ஃபேஸ், மோட்டாருக்குப் போட்ட 16 ஆம்ப் பாயின்ட் ஒண்ணு மாடிப்படிக்குக் கீழ இருக்கு. பட்ஜெட் கிரைண்டர், ஹெல்மெட் எல்லாம் சேர்த்து 15 ஆயிரம். ஆன்லைன்ல பாத்தா 200 ஆம்ப், 250, 400ன்னு போட்டிருக்கான், டப்பா எல்லாம் ஒரே சைஸ், விலையிலயும் பெரிய வித்தியாசம் இல்ல. யூடியூப்ல ஒருத்தர் ராடு வச்சு ஓட்டற ஆர்க்கை விட, வயர் தானா வர்ற கேஸ் இல்லாத மிக் வாங்குங்க, புதுசா கத்துக்கறவங்களுக்கு அதான் ஈஸின்னு சொல்றாரு. எதை எடுக்கறது? வெல்டிங் அனுபவம் சுத்தமா கிடையாது, ஐடிஐ எல்லாம் படிக்கல.

துவாக்குடி_ஃபேப்ரிகேட்டர்:
திருச்சியில இருந்துகிட்டு வெல்டிங்குக்கு ஆன்லைன்ல கேக்கறீங்களே சார் 😄 பெல் கம்பெனி இருக்கிற ஊரு, துவாக்குடி பக்கம் வந்தா ரெண்டு வீட்டுக்கு ஒரு வெல்டர். சரி விஷயத்துக்கு வரேன்.

டப்பாவுல இருக்கிற ஆம்ப் நம்பரை மறந்துடுங்க. நீங்க என்ன தகடு ஒட்டப் போறீங்க, அதுக்கு என்ன ராடு (உருகி ஒட்டற வெல்டிங் குச்சி), அந்த ராடுக்கு எவ்ளோ கரண்ட், இப்படிப் பின்னாடியிலிருந்து வாங்க. உங்க ஸ்கொயர் டியூப் கடையில 18 கேஜ் குடுத்தா 1.2 மி.மீ, 16 கேஜ்னா 1.6. இதுக்கு 12 நம்பர் ராடு, அதாவது 2.5 மி.மீ, போதும், 60லேர்ந்து 80 ஆம்புக்குள்ள வேலை முடிஞ்சிரும். 18 கேஜுக்கு கை பழகற வரைக்கும் 14 நம்பர் (2 மி.மீ) ராடு 40, 50 ஆம்ப்ல ஓட்டுங்க, ஓட்டை விழறது குறையும். கேட்டு கீல், 5 மி.மீ ஆங்கிள் இந்த மாதிரி இடத்துக்குத்தான் 10 நம்பர் வேணும், 3.15 மி.மீ, அது 100லேர்ந்து 130 கேக்கும். அவ்ளோதான் உங்க தேவை. நிஜமா 140, 150 குடுக்கிற மிஷின் இருந்தா வீட்டு வேலை அத்தனையும் முடியும், ஆக 200 ஆம்ப்னு போட்ட நல்ல இன்வெர்ட்டர் ஆர்க் மிஷின் (வீட்டு பேட்டரி இன்வெர்ட்டர் இல்ல, எலக்ட்ரானிக் போர்டுல ஓடற சின்ன மிஷின்) ஒண்ணு எடுங்க, ஐஜிபிடி (உள்ள இருக்கிற பவர் ஸ்விட்ச் வகை) டைப்பா பாருங்க, சர்வீஸ் உங்க ஊர்லயே இருக்கான்னு கேட்டுட்டு எடுங்க. பிராண்டை விட அந்த சர்வீஸ் கேள்விதான் முக்கியம், போர்டு போச்சுன்னா கூரியர்ல அனுப்பி எப்ப வரும்னு காத்துக் கிடக்க முடியாது. பழைய ஆயில் கூல்டு டிரான்ஸ்ஃபார்மர் மிஷின் சீப்பா வருதுன்னு யாராவது சொன்னா வாங்காதீங்க, நல்ல மிஷின்தான், ஆனா முக்கால்வாசி ரெண்டு ஃபேஸ்ல 415 வோல்ட்ல ஓடறது, உங்க வீட்ல ஓடாது, நாலு பேர் சேர்ந்துதான் தூக்கணும்.

ராடு 6013ங்கற வகை வாங்குங்க, பிராண்டு ஈசாப், அடோர், டி அண்ட் எச் எதுனாலும் ஓகே. 7018 ஸ்ட்ராங்னு கடைக்காரர் சொல்வாரு, உண்மைதான், ஆனா அதை ஓவன்ல 300 டிகிரி கிட்ட காய வச்சு உபயோகிக்கணும், தொட்டி ஸ்டாண்டுக்கு அது தேவையே இல்ல. பாக்கெட்டைப் பிரிச்சா மீதியை மூடி டைட்டா இருக்கிற டப்பாவுல போட்டு வைங்க, ஐப்பசி மழையில நமத்துப்போன ராடு படபடன்னு தெறிக்கும், புதுசா கத்துக்கறவர் மிஷின்தான் கெட்டுப்போச்சுன்னு நினைச்சுக்குவாரு.

வயர்மேன்_கோவை:
ஃபேப்ரிகேட்டர் அண்ணன் சொன்னது சரிங்க. நான் கரண்ட் பக்கம் மட்டும் சொல்றேனுங்க, ஏன்னா முக்கால்வாசிப் பேரு மிஷின் வாங்கிட்டு வந்து எம்சிபி (லோடு கூடினா தானா விழற ஸ்விட்ச்) விழுதுன்னு அதுக்கப்புறம்தான் எங்களைக் கூப்பிடறாங்க.

12 நம்பர் ராடு 80 ஆம்ப்ல எரியும்போது ஆர்க்குல சுமார் 23 வோல்ட் இருக்கும். பெருக்கினா 1,840 வாட்ஸ். மிஷின் எஃபிஷியன்சி 85 சதவீதம், சின்ன இன்வெர்ட்டர்ல பவர் ஃபேக்டர் (இழுக்கிற கரண்ட்ல நிஜ வேலைக்குப் போற பங்கு) 0.7 கிட்டன்னு வச்சுக்கிட்டா உங்க 230 வோல்ட் லைன்ல 13, 14 ஆம்ப் இழுக்கும். 16 ஆம்ப் பாயின்ட்ல தாராளமா ஓடும். அதே 10 நம்பர் ராடு 120 ஆம்ப்ல போட்டா லைன்ல 21, 22 ஆம்ப். கொஞ்ச நேரம் தாங்கும், அப்புறம் எம்சிபி சூடாகி விழுந்துரும். 200 ஆம்ப் முழுசா எடுத்தா லைன்ல 40 ஆம்ப் ஆகுதுங்க! அப்ப 16 ஆம்ப் பிளக் டாப் மாட்டின டப்பாவுல 400 ஆம்ப்னு ஸ்டிக்கர் ஒட்டியிருந்தா நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க.

வாங்கும்போது ஸ்டிக்கரை விட்டுட்டு பின்னாடி இருக்கிற நேம் பிளேட்டைப் படிங்க. இன்புட் கரண்ட் மேக்ஸிமம் எவ்ளோ, எஃபெக்டிவ் (ஆற விடற நேரத்தையும் சேத்துப் பாத்த சராசரி மாதிரி) எவ்ளோன்னு ரெண்டு நம்பர் இருக்கும். டியூட்டி சைக்கிளும் இருக்கும், 60 சதவீதம்னா 10 நிமிஷத்துல 6 நிமிஷம் எரிக்கலாம், 4 நிமிஷம் ஆற விடணும். நேம் பிளேட்டே இல்லாத மிஷினைத் திருப்பிக் குடுத்துருங்க.

வீட்டுல அந்தப் பாயின்ட்டுக்குத் தனி வயர் 4 ஸ்கொயர்ல (4 சதுர மி.மீ) இழுத்து சி கர்வ் எம்சிபி (ஸ்விட்ச் போட்டதும் ஒரு நொடி எகிறற கரண்டைத் தாங்கற வகை) போட்டுருங்க, பி கர்வ் இருந்தா சில மிஷின் ஸ்விட்ச் போட்ட உடனே விழும். எக்ஸ்டென்ஷன் எடுத்தா 2.5 ஸ்கொயர் காப்பர், அதுவும் சுருளை முழுசா பிரிச்சுட்டுத்தான், சுத்தின மாதிரியே வச்சு ஓட்டினா உள்ள உருகிரும். 1 ஸ்கொயர் வயர்ல 25 மீட்டர் இழுத்தீங்கன்னா 12, 13 வோல்ட் வயர்லயே போயிரும், சாயங்காலம் லோ வோல்டேஜ் நேரத்துல ராடு பத்தவே பத்தாது. ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா விழற ஸ்விட்ச்) விழுதுன்னு சொல்லி எர்த் பின்னைப் புடுங்கி விடற பழக்கம் நம்மாளுங்க கிட்ட இருக்கு, தயவுசெஞ்சு அதை மட்டும் பண்ணாதீங்க.

அப்புறம் வீட்டு கனெக்‌ஷன்ல சொந்த வேலை மட்டும். தெருக்காரங்க கேட் எல்லாம் காசு வாங்கி ஒட்ட ஆரம்பிச்சா டாரிஃப் மாறும்.

மிக்_ரசிகன்:
எல்லாரும் ஆர்க் ஆர்க்ங்கறீங்க, நான் எதிர்க்கட்சி. 18 கேஜ் டியூப்ல புதுசா ஒருத்தர் ராடு வச்சு ஓட்டினா முதல்ல ஒட்டிக்கும், அடுத்தது ஓட்டை, மறுபடி ஒட்டிக்கும், பாதிப் பேர் அதோட மிஷினை ஓஎல்எக்ஸ்ல போட்டுருவாங்க. மிக்ல ட்ரிகரை அழுத்தினா வயர் தானா வருது, கை நடுங்கினாலும் ஆர்க் நீளம் மாறாது. மாடியில காத்து அடிச்சாலும் ஃப்ளக்ஸ் வயர்னா (உள்ளயே மருந்து அடைச்ச வயர், அதான் கேஸ் வேண்டாம்) பிரச்சினை இல்ல, கேஸ் போட்டு ஓட்டறதுதான் காத்துல கெட்டுப்போகும். த்ரீ இன் ஒன் வாங்கினா ராடும் ஓட்டலாம், பின்னாடி வசதி வந்தா சிஓ2 சிலிண்டர் மாட்டிக்கலாம்.

ஒண்ணே ஒண்ணு. ஃப்ளக்ஸ் வயருக்கு கன் (ட்ரிகர் இருக்கிற கைப்பிடி) நெகட்டிவ்ல இருக்கணும், கேஸோட போடற சாதா வயருக்கு கன் பாசிட்டிவ். நிறைய மிஷின் கேஸ் செட்டிங்ல வரும், உள்ள ரெண்டு டெர்மினலை மாத்தாம ஓட்டிட்டு ஒரே தெறிப்பு, வெல்டு உக்காரலன்னு புலம்பறாங்க.

துவாக்குடி_ஃபேப்ரிகேட்டர்:
@மிக்_ரசிகன் தம்பி, நீங்க சொல்ற லாபம் எல்லாம் உண்மை, கார் பாடி மாதிரி தகடு வேலைன்னா நானே மிக்தான் சொல்லுவேன். ஆனா சார் பட்ஜெட்டைப் பாருங்க, கிரைண்டர், ஹெல்மெட் போக மீதியில நல்ல மிக் வராது. ஃப்ளக்ஸ் வயர் ராடை விட விலை, ரோலை மாட்டிட்டு ரெண்டு மாசம் தொடலன்னா மேல துரு பிடிச்சு லைனர்ல (கன்னுக்கு வயர் போற குழாய்) சிக்கும், வருஷத்துக்கு நாலு தடவை எடுக்கிறவருக்கு இது தலைவலி. ராடுல அந்தத் தொல்லையே இல்ல. அது மட்டுமில்ல, மிக் பாக்க அழகா ஓடிரும், அடியில பிடிச்சிருக்கான்னு புதுசா பழகறவருக்குத் தெரியாது, கனமான கீல்ல அதான் ஆபத்து.

சாருக்கு ஓட்டை விழாம இருக்க வழி சொல்றேன். டியூப் வெட்டும்போதே மூலை இடைவெளி இல்லாம வரணும், பாதி ஓட்டை இடைவெளியாலதான் விழுது. முதல்ல நாலு பக்கமும் டேக் (சின்னப் புள்ளி வெல்டு) மட்டும் வைங்க, மட்டம் பாருங்க, அப்புறம் ஒரு பக்கம் ஒரு இன்ச், எதிர்ப்பக்கம் ஒரு இன்ச்னு மாத்தி மாத்தி ஓட்டுங்க, இல்லன்னா சூட்டுல ஃப்ரேம் முறுக்கிக்கும். மெல்லிய டியூப்ல நின்ன வாக்குல மேலேர்ந்து கீழ இழுத்தா சூடு குறைவா ஏறும். ராடு ஒட்டிக்குதுன்னு பயந்து கரண்டைக் குறைக்காதீங்க, பெரும்பாலும் கரண்ட் கம்மியா இருக்கிறதாலதான் ஒட்டுது, 5 ஆம்ப் ஏத்திப் பாருங்க. சத்தம் கேட்டே தெரியும், எண்ணெயில வடை பொரியற மாதிரி சீரா வந்தா சரி.

டியூட்டி சைக்கிள் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க சார். ஒரு 12 நம்பர் ராடு ஒரு நிமிஷம் கிட்டத்துல தீந்துரும், அப்புறம் சுத்தியல்ல கசடைத் தட்டி, பிரஷ் போட்டு, அடுத்த ராடு மாட்டறதுக்குள்ள மிஷின் தானா ஆறிடும். நாள் முழுக்க ஓட்டற எங்களுக்குத்தான் அந்தக் கவலை.

கண்_பத்திரம்:
மிஷின் பேச்சு போதும், ஹெல்மெட் பத்தி யாருமே சொல்லல. ரோட்டோரம் விக்கிற கறுப்புக் கண்ணாடி வேண்டவே வேண்டாம். ஆட்டோ டார்க்கனிங் ஹெல்மெட் (ஆர்க் அடிச்சதும் கண்ணாடி தானா கறுக்கும்) எடுங்க, 80, 100 ஆம்புக்கு ஷேடு (கறுப்போட அளவு) 10 வச்சுக்கோங்க. ரெண்டு கையும் ஃப்ரீயா இருக்கும், ராடு எங்க தொடப்போகுதுன்னு ஆர்க் அடிக்கிறதுக்கு முன்னாடியே தெரியும், புதுசா கத்துக்கறவங்களுக்கு இதுவே பாதி வேலை. கிரைண்டர் பிடிக்கும்போது தனிக் கண்ணாடி, சக்கரத்தை மூடியிருக்கிற கார்டைக் கழட்டிட்டு ஓட்டக்கூடாது. லுங்கி, பாலியஸ்டர் டீ ஷர்ட் வேண்டாம், முழுக்கை காட்டன் சட்டை, மூடின ஷூ.

ஆர்க் வெளிச்சம் கண்ணுல பட்டா அப்ப ஒண்ணும் தெரியாது, ஆறேழு மணி நேரம் கழிச்சு ராத்திரிலதான் எரிச்சல் ஆரம்பிக்கும். தாய்ப்பால் விடு, உருளைக்கிழங்கு வைன்னு பட்டறையில ஆளாளுக்கு வைத்தியம் சொல்வாங்க. எதையும் கண்ணுக்குள்ள விடாதீங்க, மரத்துப் போக வைக்கிற சொட்டு மருந்தை மெடிக்கல்ல நீங்களா வாங்கிப் போடாதீங்க, அது காயம் ஆறறதைத் தள்ளிப்போடும். கண் டாக்டர்கிட்ட போங்க. பையன் வேடிக்கை பாக்க வருவான், அவனை வீட்டுக்குள்ள அனுப்பிட்டு அப்புறம் ஆர்க் அடிங்க.

மாடித்தோட்டம்_திருச்சி:
இவ்ளோ பதில் வரும்னு எதிர்பாக்கல, எல்லாருக்கும் நன்றி. அப்ப 200 ஆம்ப் இன்வெர்ட்டர் ஆர்க், ஆட்டோ ஹெல்மெட், 4 இன்ச் கிரைண்டர்னு முடிவு. வயர்மேன் சொன்ன மாதிரி தனி லைன் இழுக்க ஆள் சொல்லியாச்சு. ரெண்டு சந்தேகம் மட்டும். ஒண்ணு, வீட்ல பழைய ஜிஐ பைப் கொஞ்சம் கிடக்கு, அதை வச்சே துணி ஸ்டாண்டு பண்ணலாமா? இன்னொண்ணு, கேட்டைக் கழட்டாம நின்ன இடத்துலயே கீல் ஒட்ட முடியுமா?

துவாக்குடி_ஃபேப்ரிகேட்டர்:
ஜிஐ பைப் ஒட்டலாம், ஆனா மேல இருக்கிற சிங்க் எரிஞ்சு வெள்ளைப் புகை வரும், அதை சுவாசிச்சா சாயங்காலம் குளிர் காய்ச்சல் வந்து படுக்க வச்சிரும். பால் குடிச்சா ஒண்ணும் ஆகாதுன்னு எங்க ஆளுங்க சொல்லுவாங்க, நம்பாதீங்க. ஒட்டற இடத்துல ரெண்டு பக்கமும் ஒரு இன்ச்சுக்கு கிரைண்டர்ல அந்தப் பூச்சை எடுத்துருங்க, அந்தத் தூளும் நல்லதில்ல, மாஸ்க் போட்டுக்கங்க. மாடியில திறந்தவெளியில, புகை முகத்துக்கு வராம பக்கவாட்டுல காத்து போற மாதிரி உக்காருங்க. ஒட்டி முடிச்சு அந்த இடத்துக்கு சிங்க் பிரைமர் அடிச்சிருங்க, இல்லன்னா முதல் மழைக்கே துரு.

கேட்டு நின்ன இடத்துலயே ஒட்டலாம் சார். அடியில செங்கல், ஆப்பு குடுத்து பழைய மட்டத்துக்குத் தூக்கி நிறுத்துங்க, திறந்து மூடி சரியா வருதான்னு பாருங்க. கீல்ல இருக்கிற கிரீஸைத் துடைங்க, பெயின்டை வெள்ளை இரும்பு தெரியற வரைக்கும் சுரண்டுங்க. எர்த் கிளாம்பை (மிஷின்லேர்ந்து வர்ற ரெண்டாவது வயரோட கிளிப்) ஒட்டற துண்டுலயே பக்கத்துல மாட்டுங்க, கேட்டு அந்தக் கோடியில மாட்டினா கரண்ட் மேல் கீல் வழியா சுத்திப் போய் அதையும் சேத்து ஒட்டி வச்சிரும். ரெண்டு டேக் வச்சதும் ஆப்பை எடுத்துட்டு ஒரு தடவை கேட்டை ஆட்டிப் பாருங்க, சரியா வந்தா மறுபடி ஆப்பு குடுத்துட்டு 10 நம்பர் ராடு 110ல முழுசா ஓட்டிருங்க. டூ வீலரை மட்டும் முன்னாடியே அந்தப் பக்கம் தள்ளி நிறுத்திருங்க, பொறி பெட்ரோல் டேங்க் பக்கம் போகக்கூடாது.